எஞ்சின் கிளம்பிவிட்டால் போதுமா?

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் குளிர் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். செஸ்னா 172 போன்ற, சக்கரம் மடங்காத சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கு அங்கே பனிக்கால முதல் கவலை எஞ்சினைச் சூடேற்றுவதுதான். அந்நாளைய விமானிகள் இரவில் ஆயிலை வடித்து எடுத்துப்போய், காலையில் அடுப்பில் சூடாக்கி ஊற்றினார்கள். இன்று சூடேற்றியின் வயரைச் செருகினால் போதும்.

இந்த வழக்கம் அவசியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அலுமினிய எஞ்சின் கூடு, உள்ளே சுழலும் எஃகு கிராங்க்ஷாஃப்டைவிட அதிகம் சுருங்குகிறது. பேரிங் இடைவெளி குறுகுகிறது. ஆயிலோ கெட்டியாகி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. அதனால்தான் லைகமிங் நிறுவனம் தன் பெரும்பாலான எஞ்சின்களை மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே சூடேற்றாமல் கிளப்பக் கூடாது என்கிறது.

ஆனால், எஞ்சின் கிளம்புவதையே தயாரிப்பின் அளவுகோலாக்கிவிட்டோம். குறை அங்கேதான் தொடங்குகிறது. ஆயில் தொட்டியை மட்டும் நாள்கணக்கில் சூடாக்கி வைத்தால், ஆயிலில் உள்ள ஈரம் ஆவியாகி, குளிர்ந்த மேல்பாகங்களில் படியும். லைகமிங்கின் கேம்ஷாஃப்ட் இருப்பது மேலேதான்; அது துருப்பிடிக்கும். சிலிண்டர்களையும் சேர்த்துச் சூடாக்கி, கனத்த போர்வை போர்த்தி, பறப்பதற்கு முந்தைய இரவு மட்டும் வயரைச் செருகுவதே சரி என்பேன்.

கிளம்பிய பிறகு வரும் ஆபத்துகளும் உண்டு. எஞ்சினின் மூச்சுக்குழாய் நுனியில் நீராவி உறைந்து அடைத்தால், உள்ளழுத்தம் ஏறி முன்பக்க ஆயில் சீல் பிதுங்கிவிடும். நடுவானில் ஆயில் முழுதும் போய்விடலாம். சக்கர உறைகளைக் கழற்றாவிட்டால் உள்ளே சேறுபனி உறைந்து சக்கரத்தை இறுக்கிவிடும். இறக்கையில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகப் படிந்த உறைபனி, தூக்குவிசையில் 30 சதவீதம் வரை பறித்துவிடும். மெல்லிய படலம்தானே என்று அதை விட்டுவைப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது விமானியின் மூச்சு. எக்ஸாஸ்டைச் சுற்றியுள்ள உறையில் சூடாகும் காற்றுதான் அறைக்குள் வருகிறது. எக்ஸாஸ்டில் விரிசல் விட்டால், கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அது சக்கரம் மடங்கும் விமானம்; ஆனால் அதிலும் எக்ஸாஸ்ட் வெப்பத்தில்தான் அறை சூடானது. சாலாவின் ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின், 58 சதவீதம் இருந்தது. விமானியும் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றது பிரிட்டிஷ் விசாரணை. ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கவும் பரிந்துரைத்தது.

பலர் இன்னும் நிறம் மாறும் அட்டையை மட்டும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். நாளடைவில் அது உணர்திறன் இழக்கும். மயங்கத் தொடங்கியவரைக் கூப்பிட்டு எழுப்பவும் அதனால் முடியாது. சூடேற்றிக்குச் செலவிடுபவர்கள் முதலில் ஒலிக்கருவியை வாங்கட்டும். பனிக்கால ஆயிலை ஊற்றும் அன்றே எக்ஸாஸ்ட் உறையைக் கழற்றி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்.