வில்லியம் பிராட்பரி

வில்லியம் பேச்செல்டர் பிராட்பரி (அக்டோபர் 6, 1816 – ஜனவரி 7, 1868) அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் ஞானப்பாட்டு இசையமைப்பாளர், திருச்சபை இசைநூல் பதிப்பாளர். ஞாயிறு பள்ளிச் சிறுவர்களுக்கான பாடல்களைத் தனி வகையாக வளர்த்தெடுத்த முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கை

மேய்ன் மாநிலத்தின் யார்க்கில் பிறந்தார். பாஸ்டனில் லோவல் மேசனிடம் இசை கற்றார். 1840-களில் நியூயார்க்கில் தேவாலய ஆர்கன் இசைஞராக இருந்தபடி சிறுவர்களுக்குப் பாட்டு வகுப்புகள் நடத்தினார். 1847-ல் ஐரோப்பா சென்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பயின்று 1849-ல் திரும்பினார். 1854-ல் சகோதரருடன் சேர்ந்து பியானோ தயாரிப்பில் இறங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத் தொகுப்புகளை வெளியிட்டார். நியூஜெர்சியின் மாண்ட்கிளேரில் 51-ஆம் வயதில் காலமானார். அவரது பதிப்புப் பணியை பிக்லோ அண்ட் மெயின் நிறுவனம் தொடர்ந்தது.

மதிப்பீடு

லைப்சிக்கில் பெற்ற பயிற்சியின் சாயல் பிராட்பரியின் புகழ்பெற்ற பாடல்களில் அதிகம் இல்லை. பயிற்சியற்ற குரல்கள் ஒருமுறை கேட்டதும் பாட வேண்டும் என்பதே அவரது அளவுகோல். ‘ஜீசஸ் லவ்ஸ் மீ’ இதற்குச் சிறந்த சான்று. ஆனா வார்னர் எழுதி 1860-ல் ஒரு நாவலில் வெளிவந்த இக்கவிதைக்கு 1862-ல் மெட்டமைத்த பிராட்பரி, பல்லவி ஒன்றையும் சேர்த்தார். மெட்டு ஐந்து சுரங்களுக்குள் அடங்குகிறது. அவை நம் மோகன ராகத்தின் சுரங்களே. வாசிக்கத் தெரியாத குழந்தையும் மீண்டும் மீண்டும் வரும் பல்லவியில் கலந்துகொள்ள முடியும்.

இந்த எளிமை அவரது பலம். பதிப்பாளராக அவர் அதையே வாய்பாடாகவும் ஆக்கினார். ‘த கோல்டன் செயின்’ (1861), ‘த கோல்டன் ஷவர்’ (1862), ‘த கோல்டன் சென்சர்’ (1864) என நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று ஞாயிறு பள்ளித் தொகுப்புகள் வந்தன. பக்கங்களை நிரப்பப் புதிய பாடல்கள் தேவைப்பட்டன. ஆகவே ஒரே வகையான தாள நடையும் சுரக்கூட்டுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை இன்று பாடப்படுவதில்லை.

ஆனால் அவரைச் சந்தைக்காக எழுதியவர் என்று மட்டும் ஒதுக்குவது பிழை. அதே சந்தைதான் பாடலாசிரியர்களுக்கு இடம் தந்தது. பார்வையற்ற கவிஞர் ஃபேனி கிராஸ்பி 1864-ல் ஞானப்பாட்டு எழுதத் தொடங்கியது பிராட்பரிக்காகவே. தேர்ந்த பாடகர் குழுவிடம் இருந்த பாட்டைச் சிறுவர்களின் வாய்க்குக் கொண்டுவந்ததே அவரது முதன்மையான பங்களிப்பு. நூற்றுக்கணக்கான பாடல்கள் மறைந்தபின்னும் சில நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம்.