வெட்டாமல் விட்ட படச்சுருள்

மாயா டெரனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1943இல் வந்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' படத்தோடு நின்றுவிடுகிறது. கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே அவர் எடுத்த குறும்படம் அது. ஹமீது தேர்ந்த ஒளிப்பதிவாளர். ஆகவே படமும் அவருடையதே என்று வாதிட்டவர்கள் உண்டு. பெண்ணின் படைப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆண் நின்றால் போதும், பெயர் இடம் மாறிவிடுகிறது.

இதற்கான பதிலை டெரனின் படத்தொகுப்பில் தேடலாம். 'மெஷஸ்' படத்தில் ஒரு பெண் கையில் கத்தியோடு எழுந்து நடக்கிறாள். ஓர் எட்டு கடற்கரை மணலில், ஓர் எட்டு புல்லில், ஓர் எட்டு நடைபாதையில், கடைசி எட்டு வீட்டுக்குள் விரிப்பின்மீது. ஓர் அறையைக் கடக்க அவளுக்கு ஓர் உலகமே தேவைப்படுகிறது. 1945இல் டெரன் இயக்கிய 'எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா'வில், நடனக் கலைஞர் டாலி பீட்டி காட்டில் தூக்கிய காலை அறைக்குள் ஊன்றுகிறார். இடம் அறுபடுகிறது, அசைவு அறுபடுவதில்லை. இரண்டு படங்களிலும் தெரிவது ஒரே கை.

அந்தக் கைக்கு ஸ்டுடியோ இல்லை. 16 எம்.எம். போலெக்ஸ் கேமராவில் எடுத்தார், தானே தொகுத்தார், 1946இல் நியூயார்க்கில் ப்ராவின்ஸ்டவுன் ப்ளேஹவுஸ் அரங்கை வாடகைக்குப் பிடித்துத் தானே திரையிட்டார். அதே ஆண்டு கக்கன்ஹைம் நல்கை கிடைத்தது. மறு ஆண்டு ஹெய்ட்டிக்குப் போனார், வோடூ சடங்குகளில் ஆடும் நடனத்தைப் படமாக்க. 1954 வரை பலமுறை போய் ஆயிரக்கணக்கான அடி படச்சுருள் எடுத்தும், அந்தப் படத்தை அவர் முடிக்கவில்லை. 1953இல் ஒரு புத்தகமே வந்தது. கலைஞராக வந்த தான், அங்கிருந்த வாழ்வின் முழுமைக்கு முன்னால் கைவரிசையைக் கைவிட நேர்ந்ததாக அதன் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார்.

பணமுடையும் அவரை விட்டதில்லை. என்றாலும் இதை வெறும் தோல்வியாக எழுதிவிட எனக்கு மனமில்லை. பீட்டி கேமராவுக்காகவே ஆடியவர், அந்தப் படத்தின் கூட்டாளி. ஹெய்ட்டியில் ஆடியவர்கள் தெய்வத்துக்காக ஆடினார்கள். அவர்களுடைய காலடி முரசுக்கும் கூடியிருந்த ஊருக்கும் கட்டுப்பட்டது. அதைத் தூக்கி வேறு இடத்தில் ஊன்றும் உரிமை தனக்கு உண்டா என்று தயங்கிய படத்தொகுப்பாளரை நான் மதிக்கிறேன். வெள்ளைக்காரக் கேமரா கறுப்பு உடல்களைக் கேளாமல் துண்டு போட்ட காலம் அது.

டெரன் 1961இல், 44 வயதில் இறந்தார். அவருடைய பிற்காலக் கணவர் டெய்ஜி இட்டோவும் செரில் இட்டோவும் அந்தச் சுருள்களைத் தொகுத்தார்கள். 1985இல் 'டிவைன் ஹார்ஸ்மென்' படம் வெளிவந்தது. அவர்கள் இல்லையென்றால் நம்மில் பலர் இக்காட்சிகளைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் படம் முழுக்கப் பின்னணிக் குரல் விளக்கிக்கொண்டே வருகிறது. காட்சிகள் அந்தக் குரலுக்குச் சான்றுகளாகச் சுருங்கிவிடுகின்றன. அட்டையில் டெரனின் பெயர் பெரிதாக இருக்கும். பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே வரும் ஒரு வெட்டுகூட அவர் போட்டதில்லை.