புடைத்த வட்டம்: ஒரு கலைச்சொல் பற்றி

டென்மார்க்கில் வாழ்பவர்களுக்கு அந்த மேசை பழக்கமானது. நூலகங்களிலும் கூட்ட அறைகளிலும் கண்டிருப்பீர்கள். வட்டமுமல்ல, நீள்சதுரமுமல்ல, மூலைகள் இல்லை, ஆனாலும் மூலைப்பக்கம் உட்காருபவருக்கும் இடம் இருக்கும். 'சுப்பர்எலிப்ஸ்' என்று பெயர். தமிழ்ப் பாடசாலைக் கையேட்டுக்கு அதைப் பற்றி டெனிஷிலிருந்து மொழிபெயர்த்த என் மகள் தமிழ்ச் சொல் கேட்டாள். யோசிக்காமல் "அதிநீள்வட்டம்" என்றேன்.

"அதிநீள்வட்டம் எண்டா இன்னும் நீளமான வட்டம் எல்லோ? இது நீளமில்லையே அப்பா."

அவள் சொன்னது சரி. நம் கலைச்சொல்லாக்கத்தின் பெரிய பலவீனம் இதுதான்: பொருளைப் பார்க்காமல் முன்னொட்டைப் பெயர்க்கிறோம்.

சொல்லின் வேரைப் பார்ப்போம். 'எலிப்ஸ்' கிரேக்கத்தில் 'குறைவு'. அப்பொலோனியஸ் கூம்பின் வெட்டுமுகங்களைப் பரப்பளவு ஒப்பீட்டால் பெயரிட்டார்: குறைந்தால் எலிப்ஸ், சமமானால் பரபோலா, மிஞ்சினால் ஹைப்பர்போலா. ஆகவே அதிபரவளைவில் வரும் 'அதி' பொருத்தமானது. அங்கே மிகுதி உண்மையாகவே இருக்கிறது. சுப்பர்எலிப்ஸோ, வேரைப் பார்த்தால், 'மிகையான குறைவு' என்றாகிறது. டெனிஷ்காரருக்கு இது உறுத்தாது. அவர்களுக்கு அந்த வேர் கேட்பதில்லை. 'நீள்' நமக்குக் கேட்கிறது. அதனால் நமக்குப் பொறுப்பு அதிகம்.

இந்த வளைவுகளைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கப்ரியேல் லாமே 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருந்தார். பெயரும் புகழும் கொடுத்தவர் டெனிஷ் கவிஞர் பீட் ஹைன் (1905–1996). 1959இல் ஸ்டொக்ஹோம் நகரின் சேர்கல் சதுக்கத்துக்கு ஒரு வடிவம் தேவைப்பட்டது: நீள்சதுர இடத்துக்குள் வாகனங்கள் தடங்கலின்றிச் சுழல வேண்டும். நீள்வட்டச் சமன்பாட்டில் அடுக்கு 2. அவர் அதை 2.5 ஆக்கினார். வளைவு மூலைகளை நோக்கிப் புடைத்தது. அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் அது நீள்சதுரத்தை நெருங்கும். பின்னர் சுவீடனின் புரூனோ மத்சனோடு சேர்ந்து அதே வடிவில் மேசை செய்தார்.

இந்தக் கவிஞரே 1940இல், ஜெர்மானியர் டென்மார்க்கை ஆக்கிரமித்ததும், 'கும்பெல்' என்ற புனைபெயரில் 'பொலிற்றிக்கன்' நாளிதழில் குறுங்கவிதைகள் எழுதத் தொடங்கியவர். அந்தப் பழஞ்சொல்லின் பொருள் கல்லறைக்கல். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு, வாசகரே நிரப்பிக்கொள்ளும்படி எழுதினார். தணிக்கைக்குள் வாழ்ந்த நமக்கு இந்த முறை புதிதல்ல. இலக்கணத்திலும் சொல் விடுபடுதலுக்கு அதே கிரேக்கப் பெயர்தான்: எலிப்ஸ். நாம் 'தொகை' என்கிறோம்.

இங்கேதான் நம் சொல்லின் அழகு. 'நீள்வட்டம்' வினைத்தொகை: நீண்ட, நீள்கின்ற, நீளும் வட்டம். காலம் தொக்கி நிற்கிறது. கிரேக்கம் குறைவைப் பொருளில் வைத்தது. தமிழ் தன்னை அறியாமலே அதை இலக்கணத்தில் வைத்திருக்கிறது. 'அதி'யைக் கொண்டுபோய் ஒட்டும்போது இந்த நுட்பம் நம் காதில் விழாமல் போகிறது.

'நிறைநீள்வட்டம்' என்று முதலில் நினைத்தேன். ஆனால் இலங்கையில் படித்த காதுக்கு 'நிறை' என்றால் எடை. 'புடைநீள்வட்டம்' என்பதே என் முன்மொழிவு. புடைத்த, புடைக்கின்ற, புடைக்கும்: அடுக்கு 2.5இல் நின்றாலும் மேலே போனாலும் சொல் பொருந்தும். 'புடை' என்றால் பக்கம் என்ற பொருளும் உண்டு. பக்கங்களில்தானே வேலை நடக்கிறது.

சொல் கொஞ்சம் கரடுமுரடு என்று ஆட்சேபிக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இங்கே வளரும் பிள்ளை பொருளை முதலில் டெனிஷில் பார்த்துவிட்டுத்தான் தமிழுக்கு வருகிறது. அது கண்ணால் கண்டதற்கும் நாம் தரும் சொல்லுக்கும் பொருத்தம் இல்லையென்றால், பிழை சொல்லில் என்று அது நினைக்காது. தமிழில் என்று நினைக்கும்.

கையேட்டில் மகள் 'புடைநீள்வட்டம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் டெனிஷ் சொல்லையும் போட்டிருக்கிறாள். அதை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை.