வாரத் தொடரும் வாழ்க்கைச் சுமையும்

காதல் நாவல் எழுதுவது ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மிடையே உளர். நாவலாசிரியை லட்சுமியின் வாழ்வு இக்கருத்தை மறுக்கிறது.

1921இல் பிறந்த அவரது இயற்பெயர் திரிபுரசுந்தரி. சென்னையில் மருத்துவம் பயின்றபோது, குடும்பத்தாரால் கட்டணம் செலுத்த இயலவில்லை. 'ஆனந்த விகட'னில் கதைகள் எழுதி, அவ்வூதியத்தால் படிப்பை முடித்தார். பாடமும் நோயாளரும் ஒருபுறம் அழைக்க, அச்சகம் மறுபுறம் காத்திருந்தது. திருமணத்திற்குப்பின் தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து, 1977இல் தமிழகம் திரும்பி மீண்டும் முனைந்து எழுதினார். 'ஒரு காவிரியைப் போல' அவருக்கு 1984ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசைப் பெற்றுத் தந்தது.

வாரத் தொடரின் அவசரம் அவர் எழுத்தில் தென்படாமல் இல்லை. தற்செயல் நிகழ்ச்சிகளும் திடீர்த் திருப்பங்களும் குறைகளே. எனினும், 1963இல் 'இருவர் உள்ளம்' எனத் திரைப்படமான 'பெண்மன'த்தின் கதையை நோக்குக. பிற காதற்கதைகள் முடியும் மணவறையில்தான் இக்கதையின் சிக்கல் தொடங்குகிறது. மனம் ஒப்பாது மனைவியானவளின் தன்மானமே அதன் உயிர்.

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் சீவித் திரும்பி, அடுப்பு மூட்டிய கோலசிலாங்கூர் வட்டாரத் தாய்மாருக்கு இந்த இரட்டைச் சுமை புதிதன்று. அவர்தம் மகள் பாடநூலுக்குள் இத்தகைய நாவலை ஒளித்து வைத்திருந்தால், பறிப்பது ஆசிரியருக்கு எளிது. அதில் எது அவசரம், எது வாழ்க்கை என்று அவளையே பிரித்தறியச் செய்வது அரிது. இலக்கியக் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.