நாமா, நாங்களா? குவேக் நினைவுகளில் பெண்கள்

இலக்கண வகுப்பில் மூவிடப் பெயர்களை நடத்தும்போது இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்வேன். தமிழ் வினைமுற்று படர்க்கையில்தான் ஆண்பால், பெண்பால் காட்டும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பதில் பால் தெரியும்; ‘வந்தேன்’ என்பதில் தெரியாது. ‘நான்’ என்ற சொல்லுக்குள் யாரும் நுழையலாம். இரண்டாவது: கேட்பவரையும் உளப்படுத்திக்கொள்வது ‘நாம்’, அவரை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. ஒரு கணினி விளையாட்டைப் பற்றிய நினைவேக்கத்தை வாசிக்கும்போது இந்த இரண்டு பாடங்களும் எனக்குத் தேவைப்படுகின்றன.

அந்த விளையாட்டின் பெயர் குவேக். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1996இல் அதை வெளியிட்டது. அந்த வகைக்கு ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ என்று பெயர். தன்மை இடத்தில் நின்று சுடுவது என்று சொல்லலாம். ஆடுபவரின் உடல் திரையில் தெரியாது. அவர் கண் காண்பதும், கீழே துப்பாக்கியும் மட்டுமே தெரியும். 1993இல் அதே நிறுவனத்தின் டூம் இந்த வகையைப் பரவலாக்கியது. குவேக் அதை முழுமையான முப்பரிமாண உலகமாக்கி, இணையம் வழியே ஆளோடு ஆள் மோதும் களமாகவும் ஆக்கியது. 2021இல், 25ஆம் ஆண்டில், அதைப் புதுப்பித்து மீண்டும் வெளியிட்டார்கள். நடுவயதை எட்டிவிட்ட ஒரு தலைமுறை தன் இளமை திரும்பியதாகக் கொண்டாடியது. இருண்ட கோட்டைகள், பழுப்புச் சுவர்கள், ராக்கெட்டைத் தன் காலடியிலேயே வெடித்து அந்த விசையில் எம்பிப் பறக்கும் வித்தை, எல்லாம் ‘நம் காலம்’ ஆயின.

நான் அதை முதன்முதலாக ஆடியதே இந்தப் புதுப்பிப்பில்தான். ஏங்குவதற்கு எனக்கு அதில் பழைய நினைவு எதுவும் இல்லை. ஆனால் ஒரு மகிழ்ச்சி கிடைத்ததை மறைக்க மாட்டேன். எப்போதும் பார்க்கப்படும் உடலோடு வாழ்ந்து பழகிய எனக்கு, பார்க்கும் கண்ணாக மட்டும் இருப்பது ஆறுதலாக இருந்தது. இருட்டு நடைவழியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று அஞ்சாமல், அஞ்ச வைக்கிறவளாக நடந்தேன். பிறகு குதித்தேன். ஓர் ஆண்குரல் முனகியது. விளையாட்டின் இசையை அமைத்த நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னருடைய குரல் அது. திரையின் கீழ்ப்பகுதியில், அடிபட அடிபட ரத்தம் வழியும் ஓர் ஆணின் முகமும் இருந்தது. ‘குதித்தேன்’ என்று என் விரல்கள் சொன்னதை ‘குதித்தான்’ என்று விளையாட்டு திருத்தியது.

இந்தத் திருத்தத்தை 1990களிலேயே பெண்கள் கவனித்தார்கள். சும்மா இருக்கவும் இல்லை. குவேக்கை ஆடுபவர்களே மாற்றி எழுத முடியும். அந்த வசதியைக் கொண்டு ஆண் உருவத்தின்மேல் பெண் தோற்றத்தை வரைந்து பூட்டினார்கள். ‘கிளான் பி.எம்.எஸ்.’ போன்ற, பெண்கள் மட்டுமே கொண்ட குழுக்களை அமைத்தார்கள். மாதவிடாய்க்கு முந்தைய உபாதையைக் குறிக்கும் சுருக்கெழுத்தை எடுத்து ‘ஆண்களைக் கொல்லும் பித்துப்பிடித்தவர்கள்’ என்று அதற்கு விரிவு கொடுத்தார்கள். வசைக்குப் பயன்பட்ட சொல்லையே கொடியாக்கும் இந்த உத்தி நம் கவிதைகளுக்கும் அந்நியமானதல்ல. ஜஸ்டின் கேசலும் ஹென்றி ஜென்கின்ஸும் தொகுத்து 1998இல் வெளிவந்த ‘ஃப்ரம் பார்பி டு மோர்ட்டல் காம்பாட்’ நூலில் இத்தகைய பெண்களின் குரல்கள் இடம்பெற்றிருக்கின்றன. பின்னர் ஹெலன் கென்னடி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் குவேக் ஆடும் பெண்களைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். ஆக, பெண்கள் இருந்தார்கள். ஆவணமும் இருக்கிறது.

நினைவேக்கம் எதைப் பொறுக்கி எடுக்கிறது என்பதற்கு 1997ஆம் ஆண்டைப் பாருங்கள். ஒரு குவேக் போட்டியில் டென்னிஸ் ஃபாங் வென்று, இட் நிறுவனத்தின் ஜான் கார்மேக் பரிசாக வைத்த ஃபெராரி காரைப் பெற்றார். இந்தக் கதையைச் சொல்லாத குவேக் நினைவுக் குறிப்பு அரிது. அதே ஆண்டில், குவேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவை அந்த விளையாட்டிலேயே தோற்கடித்தார் ஸ்டீவி கேஸ் என்ற இளம்பெண். பின்னர் ரொமேரோவின் புதிய நிறுவனத்தில் விளையாட்டுக் களங்களை வடிவமைக்கும் வேலைக்கும் வந்தார். ஆனால் பத்திரிகைகள் அவருடைய உருவ மாற்றத்தையும் ரொமேரோவுடனான உறவையும் எழுதின. டேவிட் குஷ்னரின் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் டூம்’ (2003) இந்தக் காலத்தின் புகழ்பெற்ற வரலாறு. இரண்டு பையன்கள் ஒரு பேரரசை உருவாக்கிய கதை என்கிறது அதன் துணைத்தலைப்பு. ஸ்டீவி கேஸ் அதில் வருகிறார். ரொமேரோவின் கதைக்குள் ஒரு படர்க்கையாக வருகிறார்.

இதே 1997இல் ரொமேரோவின் அடுத்த விளையாட்டுக்கு ஒரு விளம்பரம் வந்தது. வாசகனைப் பார்த்து, உன்னை ரொமேரோவின் அடிமைப்பெண் ஆக்கிவிடுவார் என்ற பொருளில், பெண்ணை இழிக்கும் வசைச்சொல்லோடு மிரட்டியது. ரொமேரோ பின்னாளில் அதற்காக வருந்தினார். ஆனால் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். அதிலுள்ள ‘நீ’ கட்டாயம் ஆண்; தோற்றால் பெண்ணாகிவிடுவான். ஏற்கெனவே பெண்ணாக இருக்கும் வாசகிக்கு அந்த வாக்கியத்தில் நிற்க இடமே இல்லை.

ரொமேரோவின் தன்வரலாறு 2023இல் வந்தது. தலைப்பில் ‘லைஃப் இன் ஃபர்ஸ்ட் பெர்சன்’ என்ற தொடர் இருக்கிறது. ஒருவர் தன் வாழ்க்கையைத் தன்மையில் எழுதுவதில் குற்றமில்லை. ஒரு சில ஆண்களின் ‘நான்’களைக் கூட்டி, அதை ஒரு காலத்தின் ‘நாம்’ என்று அறிவிப்பதுதான் சிக்கல்.

கொல்லும் விளையாட்டில் பங்கு கேட்பதுதான் பெண்ணியமா என்று தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துப்பாக்கி விடுதலை தரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் களங்கள் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. விளையாட்டை மாற்றி எழுதியவர்கள் பலர் அதையே தொழிலாக்கிக் கணினித் துறைக்குள் போனார்கள். அந்த வாசலில் பெண்களும் நின்றிருந்தார்கள் என்பதை மறந்தால், பின்னால் வருகிற பெண்கள் எல்லாரும் நேற்று வந்தவர்களாகிவிடுவார்கள். 2014இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் விளையாட்டுத் துறைப் பெண்கள் வேட்டையாடப்பட்டபோது, ‘எங்கள் இடத்தைக் கெடுக்க வந்தவர்கள்’ என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த ஆண்டு அக்டோபரில் விமர்சகர் அனிதா சர்கீசியன் யூட்டா அரசுப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்தார். பேசினால் கூட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடக்கும் என்று மிரட்டல் வந்தது. அவர் பேச்சை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

எனவே பழைய விளையாட்டுக்காக யாராவது ஏங்கினால் நான் கேலி செய்வதில்லை. அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் எனக்கும் தெரியும். ஒன்றை மட்டும் கேட்கிறேன். நீங்கள் சொல்வது நாமா, நாங்களா? ‘நாங்கள்’ என்றால் அப்படியே சொல்லுங்கள். ‘நாம்’ என்றால், ஆணின் உருவத்தின்மேல் தன் தோற்றத்தை வரைந்துகொண்டு ஆட வந்த அந்தப் பெண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.