முகம் மூடிய நீதி வன்னிக்கு ஆகுமா?

மணல் டிப்பர்கள் இரவிரவாக ஓடும் ஊரில், பள்ளிக்கூடப் பிள்ளையின் பையில் போதைப்பொருள் அகப்பட்ட கிழமையில், தேநீர்க் கடையில் ஒரு பேச்சுத் தவறாமல் வரும். "நாலு பெடியள் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினால் ஒரு கிழமையில எல்லாம் அடங்கும்." சொல்பவர் சண்டியர் அல்லர். கமக்காரர் அமைப்பின் பொருளாளராக இருப்பார், அல்லது ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். இதை வாய்ச்சவடால் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் அறிவுரை சொல்லப்போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு முல்லைத்தீவிலேயே சாட்சி உண்டு. 2020 ஒக்டோபரில் முறிப்புப் பகுதியில் மரக்கடத்தல் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர்கள் கணபதிப்பிள்ளை குமணனும் சண்முகம் தவசீலனும் கடத்தல்காரர்களால் தாக்கப்பட்டார்கள். பெயர் போட்டு எழுதுகிறவர்கள், ஊருக்குத் தெரிந்த முகங்கள். பகிரங்கமாக நின்றதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. கசிப்புக் காய்ச்சும் இடத்தையோ மணல் அள்ளும் இடத்தையோ பொலிசுக்குச் சொன்னவரின் கைப்பேசிக்குச் சற்று நேரத்தில் மணல்காரனிடமிருந்தே அழைப்பு வந்த கதைகள் ஊரூராகக் கேட்கக் கிடைக்கின்றன. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இல்லாத நாளும் உண்டு. இப்படியொரு இடத்தில் ஒருவன் முகத்தை மூட ஆசைப்பட்டால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்கு வீடு இருக்கிறது; பின்னேர வகுப்புக்குச் சைக்கிளில் போய்வரும் தங்கை இருக்கிறாள்.

நமது சினிமாவும் இந்த ஆசைக்கு வெகுகாலமாகத் தீனி போட்டு வந்திருக்கிறது. 1954 இன் 'மலைக்கள்ளன்' தொடங்கி 2005 இன் 'அந்நியன்', 2012 இன் 'முகமூடி' வரை வேடம் தரித்தவன் நீதி வழங்குகிறான், நாம் கை தட்டுகிறோம். திரையில் அவன் ஆள்மாறி அடிப்பதே இல்லை. வில்லன் செய்த அநியாயத்தை இயக்குநர் நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார். சாட்சியும் நாமே, நீதவானும் நாமே, சந்தேகத்துக்கு இடமே கிடையாது. வேடக்காரனுக்கு மிஞ்சுவது தண்டனையை நிறைவேற்றும் வேலை மட்டும்தான். ஊரில் இந்த வசதி யாருக்கும் கிடைப்பதில்லை.

வன்னிக்கும் முகமூடி புதியதல்ல. ஆனால் அது இங்கே வந்த விதம் வேறு.

சுற்றிவளைப்புக் காலத்தைக் கண்டவர்களுக்குத் தலையாட்டியைத் தெரியும். பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் வீதியிலோ ஆண்களை வெயிலில் வரிசையாகக் குந்தவைப்பார்கள். ஒரு வாகனம் வந்து நிற்கும். உள்ளே இருப்பவரின் தலையை மூடி ஒரு சாக்கு. கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக எழும்பி அதன் முன்னால் போய் நிற்கவேண்டும். தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் மற்றப் பக்கம். ஏன் ஆட்டினாய், எதைக் கண்டாய் என்று கேட்க வழியில்லை. காணி வேலித் தகராறா, பழைய கோபமா, அடி தாங்காமல் யாரையாவது காட்டவேண்டி வந்ததா என்று அறியவும் வழியில்லை. இலங்கை இராணுவமும் செய்தது. 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய இராணுவமும் செய்தது. அதே ஆண்டுகளில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கியபோது சிங்கள இளைஞர்களும் இதே சாக்குக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். அங்கே அந்த உருவத்துக்கு 'கோணி பில்லா' என்று பெயர்.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. சுற்றிவளைத்த சிப்பாய்க்குச் சாக்குத் தேவைப்படவில்லை. அவனை யாருக்கும் தெரியாது. ஊரவனுக்குத்தான் அது தேவைப்பட்டது. முகமூடி போட்டவன் நம்மில் ஒருவன் என்பதை அந்த முகமூடியே சொல்லிவிட்டது. அடுத்து நடந்தது இன்னும் மோசம். யாராக இருக்கும் என்ற யோசனை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்தது. 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கில் அடைபட்டிருந்த சனத்திலிருந்து இயக்கத்தில் இருந்தவர்களைப் பிரித்தெடுத்த நாட்களிலும் காட்டிக்கொடுத்தது யார் என்ற கேள்வி அப்படியே திரும்பி வந்தது. இன்றும் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போகாத குடும்பங்கள் உண்டு. காரணத்தை இரு பக்கமும் வெளியே சொல்வதில்லை.

ஆகவே நீதிக்காக முகமூடி போடுகிறேன் என்று ஒருவன் கிளம்பினால், அவன் போடுவது ஏற்கெனவே பலர் போட்டுக் கழற்றிய முகமூடி. அதில் இவன் நல்லவன் என்று எழுதி ஒட்ட இடமில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கொழும்பு மாதிரி ஒரு நகரத்தில் முகத்தை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவான். கிளிநொச்சியின் ஒரு குடியேற்றத் திட்டத்துக்குள், யூனிற் பத்து என்றும் பாதி ஏக்கர் என்றும் பேர் சொல்லும் ஒழுங்கைகளுக்குள், அது நடக்காது. நடையைப் பார்த்துச் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளின் சைலன்சர் சத்தத்தை வைத்துச் சொல்வார்கள். அடித்தது இன்னாரின் மகன் என்று இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்போது அந்தத் துணி முகத்தை மறைக்கவில்லை. தெரிந்தாலும் சொல்லாதே என்று ஊருக்கு உத்தரவு போடுகிறது. மணல்காரனுக்குப் பயந்து வாயை மூடிய ஊர், அவனை அடித்தவனுக்கும் பயந்து வாயை மூடுகிறது. ஆள் மாறினான், அமைதி மாறவில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும். பொலிஸ் செய்யாதபோது வேறு யார் செய்வது? புங்குடுதீவு மாணவியின் கொலை வழக்கைவிடக் கூர்மையாக இதைச் சோதித்துப் பார்க்க வேறு வழக்கு எனக்குத் தெரியவில்லை. 2015 மே மாதம் அந்தக் கொலை நடந்தது. சந்தேகநபர்களில் ஒருவரை ஊரவரே பிடித்துக் கம்பத்தில் கட்டி வைத்தார்கள். அவர் பொலிசாரின் கைக்குப் போனபின் தப்பினார். அதற்கு உதவியதாக வடக்கின் பொலிஸ் உயரதிகாரி ஒருவர் 2017 இல் கைதாகி, 2025 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். ஆக, சனத்தின் சந்தேகம் வெறும் கற்பனை இல்லை. அந்தக் கோபத்தில்தான் மே 20 அன்று யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின் மீதே கல் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். இவ்வளவும் முகமூடிக்காரனின் கட்சிக்குப் பலம் சேர்ப்பவை.

பிறகு 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் அடங்கிய நீதாயம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒன்பது பேர். ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருவர் விடுதலையானார்கள். 2015 இல் முகமூடி அணிந்த ஒரு கூட்டம் கயிற்றோடு வந்திருந்தால் ஏழு, இரண்டு என்று பிரித்துப் பார்த்திருக்குமா? அந்தக் கிழமை இருந்த கொதிப்பில் பிரித்துப் பார்க்கச் சொன்னவனுக்கும் அடி விழுந்திருக்கும்.

எண்பதுகளில் இதை நாங்கள் கண்டும் இருக்கிறோம். மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடல், கழுத்தில் 'சமூக விரோதி' என்று எழுதிய மட்டை. கள்ளன், காட்டிக்கொடுத்தவன் என்று காரணம் அந்த மட்டையிலேயே முடிந்துவிடும். அன்று அதை ஆதரித்தவர்கள் குறைவல்லர். களவு குறைந்தது என்றும் சொன்னார்கள். ஆயுதம் ஏந்திய இயக்கமே 1991 இல் நீலச் சீருடையோடு பொலிஸ் பிரிவு ஒன்றை அமைத்து, பிறகு நீதிமன்றுகளும் வைத்தது. தண்டனை கொடுக்கிறவருக்கு முகமும் சீருடையும் எழுதப்பட்ட சட்டமும் வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களும் வரவேண்டியிருந்தது. சமாதான காலத்தில் ஏ-9 வீதியில் வேகமாக ஓடித் தண்டம் கட்டியவர்களுக்கு அந்தப் பொலிசை நினைவிருக்கும். ஆனால் அங்கேயும் ஒரு எல்லை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் மேல் முறையிடலாம். இயக்கத்தின் மேல் முறையிட எங்கே போவது? சீருடை போட்டதோடு எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை.

அண்மைக் கால முகமூடிக்கு வருவோம். 2016 ஒக்டோபர் 20 இரவு குளப்பிட்டியில் பொலிசார் சுட்டதில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். ஒருவர் கிளிநொச்சிப் பிள்ளை. சில நாளில் சுன்னாகத்தில் சிவில் உடையில் நின்ற பொலிசார் இருவருக்கு வாள்வெட்டு. 'ஆவா' என்ற வாள்வெட்டுக் குழுவின் பெயரில் துண்டுப்பிரசுரம் ஒன்று அதற்கு உரிமை கோரியது. துக்கத்தில் இருந்த சிலருக்கு மனதுக்குள் ஒரு திருப்தி வந்ததை மறைக்கவேண்டியதில்லை. அடுத்த மாதமே அமைச்சர் ராஜித சேனாரத்ன, ஆவா குழுவை உருவாக்கியதே முன்னைய ஆட்சியின் பாதுகாப்புத் தரப்பு என்று சொன்னார். மறுப்புகளும் வந்தன. யார் சொன்னது உண்மை என்பது என் விவாதத்துக்குத் தேவையில்லை. அமைச்சரே அப்படிச் சொல்லக்கூடியதாக இருந்ததுதான் விஷயம். ஒரு துணியும் ஒரு துண்டுப்பிரசுரமும் இருந்தால் ஒருவர் சனத்தின் பெயரில் பேசலாம், அரசின் பெயரில் பேசலாம், வெறும் ரௌடியாகவும் இருக்கலாம். வாள்வெட்டுக் கும்பல் வீடு புகுந்து கண்ணாடி உடைத்த இடங்களில் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் சாதாரண குடும்பத்தினர்.

2011 ஓகஸ்டில் நாடெங்கும் பரவிய கிறீஸ் பூதக் கதை இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து காட்டியது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்ற பயத்தில் ஊர்கள் இரவுக் காவலுக்கு இறங்கின. பொல்லும் கத்தியுமாக நின்ற கூட்டத்துக்கு அந்நியன் எல்லாம் பூதமாகத் தெரிந்தான். மலையகத்தில் இருவர் கொல்லப்பட்டார்கள். புத்தளத்தில் கடமையில் இருந்த பொலிஸ்காரர் ஒருவர் இறந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் துரத்திப்போன சனம், இராணுவ முகாமுக்குள் ஆட்கள் ஓடினார்கள் என்றது. அன்றிரவே படையினர் ஊருக்குள் புகுந்து அடித்து நூறு பேரளவில் அள்ளிச் சென்றார்கள். முகமில்லாத எதிரியைத் தேடுகிறவர்களுக்கும் நிதானம் தங்காது.

  

அப்படியென்றால் முகமூடிக்குச் சமூகத்தில் இடமே இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். மெக்சிக்கோ நகரில் 1985 நிலநடுக்கத்தின் பின் வீடிழந்தவர்களையும் வாடகைக்காரர்களையும் வெளியேற்ற முனைந்தபோது, 1987 இல் சிவப்பு உடையும் மல்யுத்த வீரரின் முகமூடியுமாக சூப்பர்பாரியோ என்ற ஒருவர் தோன்றினார். அவர் யாரையும் அடிக்கவில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார். அதிகாரிகளோடு பேச்சுவார்த்தைக்கு அதே உடையில் போய் உட்கார்ந்தார். அந்த முகமூடிக்குள் இன்னொருவர் புகுந்தாலும் கெடுதல் இல்லை. கையில் கோரிக்கைதான் இருந்தது, வாள் இல்லை. தண்டிக்கிறவனுக்கும் சொல்லுகிறவனுக்கும் உள்ள தூரம் இது.

களவைத் தடுக்க மறைந்துதான் திரியவேண்டும் என்பதுமில்லை. பெரு நாட்டின் சோத்தா மலைப்பகுதியில் மாட்டுக் களவு தாங்காமல் 1976 இல் விவசாயிகள் முறைவைத்து இரவு ரோந்து தொடங்கினார்கள். பிடிபட்டவனை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னிலும் விசாரித்தார்கள். 1986 இல் சட்டம் அவர்களை அங்கீகரித்தது. அங்கேயும் அத்துமீறல் நடந்தது. ஆனால் அத்துமீறியவர் யார் என்று ஊருக்குத் தெரிந்தது. கூட்டத்தில் எழும்பிக் கேட்கமுடிந்தது. மாடு களவு போகும் முல்லைத்தீவு ஊர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. வயலுக்குத் தண்ணீர் விடும் முறையைக் கமக்காரர் கூட்டத்தில் சண்டை பிடித்தாவது தீர்த்துக்கொள்ளும் சனம் இது. குற்றம் செய்பவனைக் கண்முன்னே கண்டால் பொதுமகன் பிடித்து ஒப்படைக்க 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் இடம் தருகிறது. ஒப்படைக்கத்தான், அடிக்க அல்ல.

முகம் திறந்து நிற்பதன் எல்லையையும் மறைக்கக்கூடாது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். புலனாய்வாளர் படம் எடுக்க எடுக்க, பிள்ளையின் படத்தைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்கள். ஆண்டுகள் போயின, பதில் வரவில்லை, பல தாய்மார் இறந்தும் போனார்கள். பகிரங்கமாக நின்றால் வெற்றி நிச்சயம் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்களால் எந்த அப்பாவிக்கும் ஆபத்து வரவில்லை. அவர்களுக்குள் இராணுவம் ஆள் புகுத்தி ஒருவரைக் கொல்லவும் வழி இருக்கவில்லை.

ஆகவே வன்னியில் மறைவு தேவைப்படுவது அடிக்கிறவனுக்கு அல்ல, தகவல் சொல்லுகிறவனுக்கு. நம் ஊரில் அதற்கு மொட்டைக் கடிதம் என்ற பழைய வழி உண்டு. பொய்யும் பொறாமையும் அதில் நிறைய வரும். ஆனாலும் அதை வைத்து யாரோ ஒருவர் விசாரித்தாகவேண்டும். அந்த விசாரணை அதிகாரிக்கு ஒரு பெயர் இருக்கும். குற்றத்துக்கு ஆளானோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தர 2015 இல் ஒரு சட்டம் வந்தது. 2023 இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்துவிட்டது. தேநீர்க் கடையில் நாலு பெடியளைக் கேட்பவருக்கு அந்தச் சட்டம் இருப்பது தெரியாது. தெரிந்தாலும், 119 க்கு அழைத்தபின் தன் எண் யார் கையில் போகும் என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியோடு பொலிஸ் நிலையத்துக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கோ ஒருவர் தனியே போவது கஷ்டம். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுப் போனால், முதலில் சொன்னவர் யார் என்று மணல்காரனால் தேடிப்பிடிக்க முடியாது.