முதற் பிரதிக்குப் பின்

நம் சமுதாயத்தில் நூல் வெளியீட்டு விழா ஏறத்தாழ ஒரு திருமணத்தைப் போலவே நடைபெறுகின்றது. அழைப்பிதழில் பெயர்கள் வரிசையாக நிற்கும். கிராஅத் ஓதி விழா தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, பின்னர் வாழ்த்துரைகள் பல. முதற் பிரதியை ஊரின் தனவந்தர் ஒருவர் பெற்றுக்கொள்வார். இரண்டாம் பிரதியை இன்னொரு வணிகப் பெருமகன் பெறுவார். உறைகள் கைமாறும், பொன்னாடைகள் போர்த்தப்படும். ஏற்புரை நிகழ்த்த நூலாசிரியர் எழும்பொழுது பாதி நாற்காலிகள் காலியாகியிருக்கும். பக்கத்து அறையில் பிரியாணி மணக்கத் தொடங்கியிருக்கும். துஆவுடன் விழா நிறைவுறும். மறுநாள் காலை, ஆசிரியரின் வீட்டுக் கூடத்தில் எஞ்சிய பிரதிகள் கட்டுக் கட்டாக ஏறி அமர்ந்திருக்கும்.

இவ்விழாக்களை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. அச்சகத்தின் பாக்கியை அந்த உறைகளே பல வேளைகளில் தீர்க்கின்றன என்பதை நாமறிவோம். எனினும் ஒன்றைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. முதற் பிரதியைப் பெற்றவர் அதனை விரித்துப் பார்த்தாரா? அவர் வீட்டுப் பெண்மக்களேனும் பார்த்தனரா? அதே ஆசிரியரின் அடுத்த நூல் வரும்பொழுது அதனைத் தேடிச் சென்று வாங்கும் ஒருவரையாவது அந்த மண்டபம் உண்டாக்கிற்றா?

கொடையாளரை நாடுதல் நமக்குப் புதிதன்று. சீறாப்புராணம் உருவான வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிய பணி, அவர் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் உதவியால் அரங்கேறியது. உமறுப்புலவர் அந்நன்றியைக் காப்பியத்தினுள்ளேயே பல இடங்களில் பதித்து வைத்தார். ஆனால் அந்நூல் தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு அரங்கேற்றத்தை மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. ஊர்தோறும் இரவு நேரங்களில் சீறாவைப் பாடிப் பொருள் சொன்ன புலவர்களும், பாயில் அமர்ந்து விடியுமட்டும் கேட்ட எளிய மக்களுமே அதனைக் காத்தனர். நூறு மசலாவும் பெண்புத்தி மாலையும் வீடுகளின் உட்கூடங்களில் பாடப்பட்டு உயிர் பெற்றதும் இவ்வாறே. அவற்றுக்கு முதற் பிரதி பெற்றவர் யாரென்று யாரும் கேட்டதில்லை.

அச்சு வந்தபின் வேறொரு வழி திறந்தது. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெவ்வை 1882 ஆம் ஆண்டு ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான ‘அசன்பேயுடைய கதை’யை 1885 இல் வெளியிட்டார். இவ்விரு ஆண்டுகளின் வரிசையை நாம் கவனித்தல் வேண்டும். முதலில் ஏடு, அதன் பின்னரே நாவல். வாரந்தோறும் தம் எழுத்தைப் படித்துப் பழகிய கண்களின் முன்னேதான் அவர் கதையை வைத்தார். முன்பின் அறியாத கூட்டத்தினிடம் நூலை நீட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இப்பொருளில் நாம் மிகுதியும் கற்கத்தக்கவர் அண்டை மாநிலத்து வைக்கம் முகம்மது பஷீர். 1908 இல் பிறந்து 1994 இல் மறைந்த அப்பேரெழுத்தாளரை மொழிபெயர்ப்புகளின் வழியே நம் குடும்பங்கள் நன்கறியும். அவர் நூல் விற்ற வரலாறு அத்துணை பரவலாக அறியப்படவில்லை. ‘பிரேமலேகனம்’ 1943 இலும் ‘பால்யகால சகி’ 1944 இலும் வெளிவந்தன. விடுதலைப் போரில் சிறை சென்று மீண்டிருந்த அவர், தம் நூல்களைத் தாமே அச்சிட்டார். தாமே சுமந்து வீடு வீடாகச் சென்று விற்றார். பின்னர் எறணாகுளத்தில் புத்தகக் கடையும் நடத்தினார். முதலில் ‘சர்க்கிள் புக் ஹவுஸ்’, பின்பு ‘பஷீர்ஸ் புக் ஸ்டால்’ என்று அதற்குப் பெயர்.

புத்தகத்தைச் சுமந்து செல்வதை இழிவென்று கருதும் எழுத்தாளர் நம்மிடையே பலருண்டு. அறிவுடையோர் கடைவிரிக்கலாமா என்பார்கள். வணிகத்தைத் தொழிலாகக் கொண்ட ஒரு சமுதாயத்தில், துணி விற்பவரும் தோல் விற்பவரும் தலைநிமிர்ந்து நடக்கும் தெருவில், தம் நூலை விற்பது மட்டும் எப்படி இழிவாயிற்று என்பது நமக்கு விளங்கவில்லை.

பஷீர் நடந்த நடை அவருக்குப் பணத்தைவிடப் பெரிய ஒன்றைத் தந்திருக்க வேண்டுமென நமக்குத் தோன்றுகிறது. வாசற்படியில் நிற்கும் எழுத்தாளர் வாங்குவோரின் முகத்தைப் பார்க்கிறார். விலையைக் கேட்டுத் தயங்குவதைப் பார்க்கிறார். முதல் பக்கத்தைப் புரட்டி அங்கேயே இரண்டு வரி படிப்பவர் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் மூடி வைக்கிறார் என்பதையும் பார்க்கிறார். பஷீரின் நூல்கள் மெலிந்தவை. வாக்கியங்கள் குறுகியவை. உம்மாக்களும் தங்கைகளும் பேசும் பேச்சே அவற்றின் மொழி. இவையெல்லாம் வாசற்படியில் கற்றவை என்று சாதிக்க நாம் முனையவில்லை. அவர் மேதை, யாரிடமும் கற்க வேண்டியதில்லை. ஆயினும் படிப்பவரைத் தாழ்வாகவோ அச்சத்துடனோ நோக்காத அந்த உரிமை, முகம் பார்த்துப் பழகியவருக்கே வாய்க்கும்.

தம் நூல்களின் பெருமையை அவர் எவ்வாறு நோக்கினார் என்பதற்கு ‘பாத்துமாவின் ஆடு’ நல்ல சான்று. அதில் அந்த ஆடு ஆசிரியரின் நூல்களையே தின்கிறது. ‘பால்யகால சகி’யும் ‘சப்தங்க’ளும் அதன் வயிற்றுக்குள் போகின்றன. ஆசிரியர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். போர்வையில் வாய் வைக்கும்பொழுதுதான் பதறி ஓடுகிறார். (நம் விழாக்களில் விலையின்றி வழங்கப்படும் பிரதிகளை நினைக்கும்பொழுது, அந்த ஆடு அவற்றைப் பெறுவோரில் பலரைக் காட்டிலும் ஈடுபாடு மிக்கதென்றே சொல்லத் தோன்றுகிறது.) பிற்காலத்தில் பேப்பூரில், மங்குஸ்தான் மரத்தடியில் அவர் சாய்ந்திருக்க, வாசகர்கள் வந்துகொண்டேயிருந்தனர். இளம்வயதில் வாசகரைத் தேடி அவர் நடந்தார். முதுமையில் வாசகர் அவரைத் தேடி நடந்தனர்.

தமிழில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கவர் தோப்பில் முஹம்மது மீரான். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, மலையாள வழியில் கல்வி கற்று, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தது. 1988 இல் அவர் தம் பொறுப்பிலேயே அதனை நூலாக்கினார். ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1997 இல்தான்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கடலோரக் கிராமத்தின் கதை எதைப் பற்றியது? ஊரை ஆட்டிவைக்கும் ஒரு முதலாளியின் அதிகாரமும் அதன் சரிவும் பற்றியது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் ஊரைப் பற்றியது. அத்தகைய நூலுக்கு முதற் பிரதி வாங்க எந்த முதலாளியை மேடைக்கு அழைப்பது? உறையை எதிர்பார்த்து எழுதுகோலைத் திறப்பவர், அந்த வடக்கு வீட்டு முதலாளியை எழுதத் துணிவாரா? இதழின் வாசகர்கள் வாரிக்கொடுக்கும் செல்வரல்லர். ஆனால் இதைத்தான் எழுத வேண்டும் என்று நிபந்தனையும் இடமாட்டார்கள். விழாவால் வாழும் இலக்கியத்தில் மென்மையான வரலாறுகளும் வாழ்த்துப் பாக்களும் பெருகுவதற்கும், கசப்பான நாவல் அருகியிருப்பதற்கும் இதுவும் ஒரு காரணமென்பது நம் துணிபு.

நம் வீடுகளிலும் ஒரு பழக்கம் உண்டு. மறைந்தோர் பெயரால் சமயச் சிறு நூல்களை அச்சிட்டு இலவசமாக வழங்குகிறோம். அது நற்செயலே, அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் தமிழ் நூல் என்றாலே சும்மா கிடைப்பது என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்து வளர்ந்துவிட்டது. மருமகனுக்கு வாங்கும் சட்டைக்குப் பேரம் பேசாதவரும், அறிந்த எழுத்தாளரைக் கண்டால் “புத்தகம் போட்டீர்களாமே, நமக்கு ஒன்று இல்லையா?” என்கிறார். எழுத்தாளரும் கூச்சப்பட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கூச்சம் தீர வேண்டும்.

எல்லாராலும் பஷீரைப்போல் நடக்க முடியாது என்பது உண்மை. உடல்நலம் இடம் தராதவர் உண்டு. அரசுப் பணியில் இருப்பவர் உண்டு. சிறப்பாக, எழுதும் பெண்மணிகளுக்கு இன்றும் தெருத்தெருவாகச் செல்லும் வழி எளிதன்று. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938 இல் ‘காதலா கடமையா?’வை வெளியிட்டபொழுது, டாக்டர் உ.வே. சாமிநாதையரின் முன்னுரை அந்நூலுக்குத் துணை நின்றது. ஒரு சான்றோரின் சொல், ஆசிரியை நேரில் செல்ல இயலாத இடங்களுக்கு நூலைக் கொண்டு சென்றிருக்கும். இன்று அணிந்துரைகள் நூலுக்கு நான்காக வளர்ந்துவிட்டன. நூலைப் படித்து எழுதப்பட்டது அவற்றுள் எது என்பதை வாசகர் முதல் பத்தியிலேயே கண்டுகொள்கிறார்.

நடக்க இயலாதவரும் செய்யத்தக்கவை உண்டு. நூலை விலை கொடுத்து வாங்கியவர் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் ஓர் ஏட்டில் குறித்து வைத்தல் அவற்றுள் முதன்மையானது. கடைக்காரர் பற்றுவரவு எழுதுவதைப் போல, யார் எந்த நூலை வாங்கினார், என்ன சொன்னார் என்பதை எழுதி வைக்கலாம். வாசகர் கடிதம் வந்தால், பழித்து எழுதியதாயினும், அந்த வாரத்திலேயே விடை எழுத வேண்டும். அடுத்த நூல் அச்சாகும் முன்னரே அந்த ஏட்டிலுள்ளோருக்குத் தெரிவித்து முன்பணம் பெறலாம். கையொப்பக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நூல் பதிப்பிக்கும் இம்முறை தமிழ்ப் பதிப்புலகில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழங்கியதுதான். நூறு குடும்பங்கள் இவ்வாறு சேர்ந்தால், தனவந்தரின் உறை வந்தாலும் வராவிட்டாலும் அச்சகத்தின் வாசலில் எழுத்தாளர் தலைகுனிந்து நிற்க நேராது. கைப்பேசி இருக்கும் இக்காலத்தில் இவ்வேடு பழைய முறையாகத் தோன்றலாம். ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் அழைப்பிதழை அனுப்பிவிடுகிறோம். அவர்களுள் நம் முந்தைய நூலைப் படித்தவர் யாரென்று கேட்டால் விழிக்கிறோம்.

இக்கட்டுரையை எழுதும் பொருட்டு, அண்மையில் நமக்கு வந்த வெளியீட்டு விழா அழைப்பிதழ்கள் சிலவற்றை எடுத்துப் பார்த்தோம். தலைவர், முன்னிலை வகிப்போர், முதற் பிரதி பெறுவோர் ஆகியோர் பெயர்களும் பட்டங்களும் பிழையின்றி அச்சாகியிருந்தன. நூலின் விலை எதிலும் இல்லை. அது எந்தக் கடையில், எந்த முகவரியில் கிடைக்கும் என்பதும் இல்லை. அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் எழுதும் அன்பர்கள், இடம் போதாவிட்டால் வாழ்த்துரைப்போரில் ஒருவரைக் குறைத்தேனும், இவ்விரு வரிகளையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.